நரசிம்மவர்மன்... எந்த நரசிம்மவர்மன்? மாமல்லபுரத்தில் ஒரே பெயர், இரண்டு ராஜாக்கள்!

உங்கள் போனில் எத்தனை கார்த்திக் இருக்கிறார்கள்? எனக்கு நான்கு பேர். கார்த்திக் ஆபீஸ், கார்த்திக் காலேஜ், கார்த்திக் பைக் மெக்கானிக், அப்புறம் வெறும் கார்த்திக். அவசரத்தில் ஒருத்தருக்கு அனுப்ப வேண்டிய மெசேஜை இன்னொருத்தருக்கு அனுப்பி வழிந்த அனுபவம் உங்களுக்கும் கட்டாயம் இருக்கும். கொஞ்ச நேர தர்மசங்கடம், ஒரு சாரி, அவ்வளவுதான்.

ஆனால், இதே குழப்பம் ஒரு ராஜாவுக்கு நடந்தால்? அவர் செய்த வேலையெல்லாம் அதே பெயர் கொண்ட இன்னொருவரின் கணக்கில் ஏறிவிட்டால்? அல்லது இன்னொருவரின் உழைப்புக்கெல்லாம் இவர் பெயர் வாங்கிக்கொண்டிருந்தால்? 1,300 வருஷமாக அந்தக் குழப்பம் கல்லில் செதுக்கியபடி நிற்கும் ஊர், நாம் வீக் எண்டுக்கு ஈ.சி.ஆரில் வண்டியை விரட்டிக்கொண்டு போகிற மாமல்லபுரம்.

ஐந்து ரதம் முன்னால் நின்று யாரைக் கேட்டாலும், இது நரசிம்மவர்மன் செய்தது என்பார்கள். கடற்கரைக் கோயில் முன்னால் நின்று கேட்டாலும் அதே பதில்தான் வரும். இரண்டு பதிலும் சரியாக இருக்கலாம். ஆனால், அந்த இரண்டு நரசிம்மவர்மனும் ஒரே ஆள் இல்லை. முதலாமவர் கொள்ளுத்தாத்தா, இரண்டாமவர் கொள்ளுப்பேரன்.

இதில் ஊருக்கே தன் பட்டப்பெயரைக் கொடுத்த கொள்ளுத்தாத்தாவின் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம். பேரன் குறுக்கே குறுக்கே வருவார், கண்டுக்காதீங்க!

அப்பா ஒரு ஆல்ரவுண்டர்

காஞ்சிபுரம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். பல்லவ சிம்மாசனத்தில் முதலாம் மகேந்திரவர்மன். சாதாரண அப்பா இல்லை. நாடகம் எழுதுவார். மத்தவிலாசப் பிரகசனம் என்ற சமஸ்கிருத நகைச்சுவை நாடகம் அவர் எழுதியது. குடித்துவிட்டுத் தடுமாறும் துறவிகளை வைத்து, சொந்தத் தலைநகரமான காஞ்சியிலேயே கதை நடப்பதாக எழுதிக் கிண்டலடித்தவர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல், பாறையைக் குடைந்தே மண்டகப்பட்டில் கோயில் அமைத்துவிட்டு, அதைப் பெருமையாகக் கல்வெட்டிலும் சொல்லிக்கொண்டவர். செங்கல்பட்டு பக்கத்து வல்லம் குடைவரைகளும் அவர் காலத்தைச் சேர்ந்தவைதான்.

(பரனூர் டோல்கேட் பக்கத்தில் இருக்கும் மகேந்திரா சிட்டிக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. அது கம்பெனியின் பெயர். ஒரே பெயர் பிரச்னை எங்கெல்லாம் வருகிறது பாருங்கள்!)

கலை, சங்கீதம், நாடகம் என்று இருந்த இந்த அப்பாவின் ஆட்சியில் ஒரு பெரிய இடி விழுந்தது. வடமேற்கே, இன்றைய கர்நாடகாவின் பாதாமியை, அதாவது வாதாபியைத் தலைநகராகக் கொண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி படையெடுத்து வந்தான். வடக்கே ஹர்ஷரையே நர்மதைக் கரையோடு தடுத்து நிறுத்தியவன். பல்லவர்களின் வட பகுதிகள் கைவிட்டுப் போயின. காஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள புள்ளலூரில் எதிரிகளை மகேந்திரவர்மன் அழித்ததாகப் பல்லவர்களின் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. சாளுக்கியர்களின் ஐஹொளே கல்வெட்டோ, பல்லவ மன்னனைக் காஞ்சி மதில் சுவருக்குப் பின்னால் ஒளிய வைத்தோம் என்கிறது. யார் சொல்வது உண்மை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். காஞ்சி பிழைத்தது. மானம்?

அந்தக் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பு, சுமார் 630-ல் பட்டத்துக்கு வந்த மகன் நரசிம்மவர்மன் தலையில் விழுந்தது.

ஐஹொளே கல்வெட்டு வெட்டப்பட்டது 634-635-ல். அதாவது, இவர் அரியணை ஏறிய நாலைந்து வருஷத்தில். உங்கள் அப்பா தோற்று ஒளிந்தார் என்று பக்கத்து ஊர்க்காரர் கல்லில் செதுக்கி வைத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? டெலீட் பண்ணவும் முடியாது, ரிப்போர்ட் அடிக்கவும் முடியாது.

தாம்பரம் பக்கத்தில் ஒரு போர்க்களம்

புலிகேசி திரும்ப வந்தான். இந்த முறை காஞ்சியை நெருங்கிவிட்டான். பரியாளம், மணிமங்கலம், சூரமாரம் என்று மூன்று இடங்களில் நரசிம்மவர்மன் அவனைத் தோற்கடித்ததாகக் கூரம் செப்பேடு பட்டியல் போடுகிறது.

இதில் மணிமங்கலம் எங்கே இருக்கிறது தெரியுமா? தாம்பரத்திலிருந்து மேற்கே கொஞ்ச தூரம்தான். டிராஃபிக் இல்லையென்றால் டூவீலரில் அரை மணி நேரம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். இன்று அந்தப் பக்கம் பிளாட் விற்பனை போர்டுகள் வரிசையாக நிற்கின்றன. தென்னிந்தியாவின் இரண்டு பெரிய படைகள் மோதியது அந்த மண்ணில்தான் என்று எந்த போர்டும் சொல்வதில்லை.

புறமுதுகு காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே செப்பேடாக வைத்து, அதில் வெற்றி என்ற எழுத்துகளை நரசிம்மவர்மன் எழுதினான் என்று கூரம் செப்பேட்டை எழுதிய புலவர் வர்ணிக்கிறார். ஐஹொளே கல்லுக்குக் காஞ்சி கொடுத்த பதில் என்று வைத்துக்கொள்ளலாம். ட்ரோலுக்குப் பதில் ட்ரோல். ஆனால், அதற்காகச் செத்தவர்கள் நிஜ மனிதர்கள்.

துரத்தியதோடு அவர் நிற்கவில்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் உள்ள வித்தியாசமே அங்கேதான் தொடங்குகிறது.

642: வாதாபி எரிந்த வருஷம்

காஞ்சியிலிருந்து பாதாமிக்கு இன்றைய சாலையில் போனாலே 600 கிலோமீட்டருக்கு மேல். யானை, குதிரை, காலாட்படை, இத்தனை பேருக்கும் அரிசி, தண்ணீர், தீவனம் என்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய், எதிரியின் கோட்டையை அவன் வீட்டுக்குள்ளேயே போய்ப் பிடிப்பது சாதாரண விஷயம் இல்லை. பாதாமி போயிருக்கிறீர்களா? ஒரு ஏரி, அதைச் சுற்றிச் செங்குத்தான சிவப்புப் பாறைகள். இயற்கையே கட்டிக்கொடுத்த கோட்டை.

சுமார் 642-ல் அந்தக் கோட்டை விழுந்தது. அந்தப் போரில்தான் புலிகேசி இறந்திருக்க வேண்டும் என்பது வரலாற்று ஆசிரியர்கள் பலரின் கணிப்பு. ஏரிக்குப் பக்கத்துப் பாறையில் நரசிம்மவர்மனின் 13-ஆம் ஆட்சி ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது, சிதைந்துபோன நிலையில். மாமல்லன் என்ற பெயரும் அதில் இருக்கிறது. எதிரியின் தலைநகரத்துப் பாறையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார் மனுஷன்!

அன்றிலிருந்து அவர் வாதாபி கொண்டவர் ஆனார். புலவர்களுக்கு இதில் ஒரு போனஸும் கிடைத்தது. வாதாபி என்பது புராணத்தில் அகத்தியர் சாப்பிட்டு ஜீரணித்த அசுரனின் பெயர். உடனே செப்பேடு எழுதியவர்கள் நரசிம்மவர்மனை அகத்தியரோடு ஒப்பிட்டுவிட்டார்கள். ஊருக்கும் அசுரனுக்கும் ஒரே பெயர் இருந்ததால் கிடைத்த பாராட்டு! பாதாமியில் இருக்கும் அந்த ஏரிக்கும் அகத்திய தீர்த்தம் என்றுதான் பெயர்.

இந்தப் போரோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு பெயர் பரஞ்சோதி. வாதாபியைத் தூளாக்கிய தளபதியாகப் பெரியபுராணம் காட்டும் இவர், பிறகு வாளை வைத்துவிட்டுத் திருச்செங்காட்டங்குடியில் சிவனடியார்களுக்குச் சோறு போட்டு வாழ்ந்த சிறுத்தொண்ட நாயனார். வாதாபியிலிருந்து அவர் கொண்டுவந்த பிள்ளையார்தான் வாதாபி கணபதி என்பது மரபாகச் சொல்லப்படும் கதை. கச்சேரி ஆரம்பத்தில் அடிக்கடி கேட்கும் முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனையில் வருவது அந்தப் பிள்ளையார்தான்.

சிவகாமி எங்கே என்று கேட்கிறீர்களா? கல்கி 1944 முதல் 1946 வரை தொடர்கதையாக எழுதிய ‘சிவகாமியின் சபதம்’ படித்த யாரும் கேட்கும் கேள்விதான். நரசிம்மவர்மன், மகேந்திரவர்மன், புலிகேசி, பரஞ்சோதி எல்லாரும் நிஜம். நடனமாடும் சிவகாமியும் அவள் அப்பா ஆயனச் சிற்பியும் கல்கியின் கற்பனை. ஒரு பெண்ணின் சபதத்துக்காக வாதாபி எரியவில்லை. இரண்டு அரச குடும்பங்களின் பகைக்காக எரிந்தது. கதையைவிட நிஜம் கொஞ்சம் வறட்சியானது. ஆனால், தோற்றுப்போன அப்பாவின் பெயரை மீட்கப் போன மகன் என்று பார்த்தால், அதிலும் நெஞ்சை அழுத்தும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

மல்யுத்த வீரன் கொடுத்த ஊர்ப் பெயர்

மாமல்லன் என்றால் பெரிய மல்யுத்த வீரன். நரசிம்மவர்மனின் பட்டப்பெயர். அதிலிருந்துதான் மாமல்லபுரம். கடல்மல்லை என்றும் அந்த ஊருக்குப் பெயர் உண்டு. திருமங்கையாழ்வார் பாடியது அந்தப் பெயரில்தான். மகாபலிபுரம் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பெயர்.

அது அன்றைக்குக் கப்பல்கள் வந்துபோன துறைமுகம். இன்று நாம் பொரித்த மீன் சாப்பிட்டுக்கொண்டு அலையைப் பார்க்கும் கரையில், அன்று கடல் வணிகம் நடந்தது. மாமல்லன் காலத்தில், 640-ஐ ஒட்டி, சீனப் பயணி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள், பத்தாயிரம் துறவிகள் என்று எழுதி வைத்திருக்கிறார். மக்கள் தைரியசாலிகள், படிப்பை மதிப்பவர்கள் என்றும் சான்றிதழ் கொடுத்திருக்கிறார். அவருக்கு இங்கிருந்து இலங்கை போகும் ஆசை இருந்தது. அங்கே ராஜா இறந்து, பஞ்சமும் கலவரமும் நடப்பதாக அங்கிருந்து வந்த துறவிகள் சொல்ல, பயணத்தைக் கைவிட்டார்.

அதே இலங்கையிலிருந்து, பதவியைப் பறிகொடுத்த ஒரு இளவரசன் பல்லவ மன்னனிடம் அடைக்கலம் தேடி வந்தான். பெயர் மானவர்மன். அவன் கதை இலங்கையின் மகாவம்சத் தொடர்ச்சியில் வருகிறது. இருவரும் ஒரே இளநீரைப் பகிர்ந்து குடிக்கும் அளவுக்கு நெருக்கம். வல்லபன், அதாவது சாளுக்கிய மன்னன் படையெடுத்து வந்தபோது, நண்பன் போரில் செத்துவிடக் கூடாதே என்று அவனை விட்டுவிட்டு ராஜா மட்டும் களத்துக்குப் போகிறார். மானவர்மன் கேட்பானா? பின்னாலேயே போய்ச் சண்டை போடுகிறான். நெகிழ்ந்துபோன ராஜா படை கொடுத்துக் கடல் தாண்டி அனுப்புகிறார். முதல் முயற்சி பாதியில் நின்றுபோகிறது. இரண்டாவது முறை பெரிய படை. மானவர்மன் அனுராதபுரத்து அரியணையில் அமர்கிறான்.

இந்த நண்பர்கள் கதையை ஒரு படமாகவே எடுக்கலாம். ஆனால், ஒரு சிக்கல். மகாவம்சம் அந்த ராஜாவை நரசிம்மன் என்று மட்டும்தான் சொல்கிறது. மாமல்லன் ஆட்சி 668-ஐ ஒட்டி முடிந்தது. மானவர்மன் அரியணை ஏறிய வருஷத்தை அதற்குப் பிறகு, 680-களில் வைக்கும் பட்டியல்களும் உண்டு. அப்படியானால் இளநீர் கொடுத்த நண்பன் யார்? கொள்ளுத்தாத்தாவா, கொள்ளுப்பேரனா? இலங்கையை வென்று ராமனின் புகழையே தாண்டியவர் என்று காசாக்குடிச் செப்பேடு மாமல்லனைப் புகழ்வதால், பெரும்பாலானவர்கள் அவர் பக்கம் சாய்கிறார்கள். காலக்கணக்கைப் பிடித்துக்கொண்டு மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆரம்பித்துவிட்டதா கார்த்திக் பிரச்னை?

பேரன் வந்தாச்சு!

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று அர்த்தம். நம் வீடுகளில் இன்றும் தொடரும் பழக்கம். பல்லவர்களும் விதிவிலக்கு இல்லை. மாமல்லன் தன் மகனுக்குத் தன் அப்பாவின் பெயரை வைத்தார், இரண்டாம் மகேந்திரவர்மன். அவர் நான்கைந்து வருஷமே ஆண்டார். அவர் மகன் பரமேசுவரவர்மன். அவர் மகனுக்கு வைக்கப்பட்ட பெயர் நரசிம்மவர்மன். இரண்டாம் நரசிம்மவர்மன் என்று எண் போட்டது நாம்தான். அவர் காலத்தில் யாரும் எண் போட்டுக் கூப்பிடவில்லை.

எட்டாம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில் ஆண்ட இவருக்கு ராஜசிம்மன் என்ற பெயர்தான் பிரபலம். கொள்ளுத்தாத்தா சண்டைக்காரர் என்றால், இவர் கட்டடக்காரர். காஞ்சி கைலாசநாதர் கோயில் இவருடையது. அங்கே இவரது பட்டப்பெயர்கள் மட்டுமே 250-க்கும் மேல் செதுக்கப்பட்டிருக்கின்றன. இன்ஸ்டா பயோவில் நாலு வரி எழுதவே யோசிக்கிறோம்! மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் இவருடையதுதான். அதில் உள்ள மூன்று சன்னிதிகளுக்கும் இவரது பட்டப்பெயர்களையே வைத்தார்: க்ஷத்திரியசிம்மன், ராஜசிம்மன், நரபதிசிம்மன். எங்கும் சிங்கம்தான்.

720-ல் சீனாவின் தாங் பேரரசுக்குத் தூது அனுப்பியதும் இவர்தான். சீன ஆவணங்களில் இவர் பெயர், அவர்கள் உச்சரிப்பில், ஸ்ரீ நரசிம்மன் என்று பதிவாகியிருக்கிறது. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது பல்லவ - சீன உறவு பற்றி டிவியில் ஓடிய பேச்சுக்கெல்லாம் முக்கியக் காரணம் இந்தப் பேரன்.

கல்லில் இருக்கும் பெயர் யாருடையது?

இப்போது மறுபடியும் ஐந்து ரதத்துக்கு வாருங்கள். இருப்பதிலேயே உயரமான தர்மராஜ ரதத்தின் முன் நில்லுங்கள். மூன்று அடுக்கு. கல் மேல் கல் வைத்துக் கட்டியது இல்லை. பாறையை மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒரு உளி தவறினால் அழித்து எழுத முடியாது.

அந்த ரதத்தின் மேல் ராஜாவின் பட்டப்பெயர்கள் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று, ஸ்ரீ நரசிம்ம. ஆதாரம் கிடைத்துவிட்டது, கேஸ் முடிந்தது என்று தோன்றும். நீண்ட காலம் அப்படித்தான் பாடப் புத்தகங்களும் சொல்லின. ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு, குகைக் கோயில்களில் பெரும்பாலானவை மாமல்லனுடையவை, கடற்கரைக் கோயில் ராஜசிம்மனுடையது என்று ஊரைப் பாகப்பிரிவினை செய்து வைத்திருந்தார்கள்.

1962-ல் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். அதே தர்மராஜ ரதத்தில் அத்யந்தகாமன் என்ற பட்டப்பெயரும் இருக்கிறது. அது கணேச ரதத்திலும் இருக்கிறது. ராஜசிம்மன் வைத்துக்கொண்ட பெயர் அது. ஆகவே ரதங்கள், குகைகள், தபசுச் சிற்பம் எல்லாமே ராஜசிம்மன் செய்தவை என்றார் அவர். அதாவது, மாமல்லன் பெயரைத் தாங்கிய ஊரில் மாமல்லன் செதுக்கியது எதுவுமே இல்லை!

எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. குகைகளின் தூண் அமைப்பும் சிற்ப பாணியும் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கின்றன, ஒரே ராஜா காலத்தில் இத்தனை மாற்றம் வருமா என்று கேட்டார்கள். தாத்தா தொடங்கியதைப் பேரன் முடித்துத் தன் பட்டத்தையும் சேர்த்திருக்கலாமே என்றார்கள். பெயரே பரம்பரையாக வரும்போது பட்டப்பெயர் வராதா என்றும் கேட்டார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் விவாதம் முடியவில்லை.

ஆதிவராகர் குகையில் இன்னும் வேடிக்கை. ராணிகளோடு இரண்டு ராஜாக்களின் உருவங்கள். மேலே பெயரும் எழுதியிருக்கிறது. ஒருவர் சிம்மவிண்ண போத்தாதிராஜன், இன்னொருவர் மகேந்திர போத்தாதிராஜன். மாமல்லனின் தாத்தா சிம்மவிஷ்ணுவும் அப்பா மகேந்திரனும் என்பது ஒரு கட்சி. இல்லை, சிம்மவிண்ணன் என்பதே மாமல்லன்தான், பக்கத்துச் சுவரில் இருப்பது அவர் மகன் இரண்டாம் மகேந்திரன் என்பது இன்னொரு கட்சி. ராஜசிம்மனும் அவர் மகன் மூன்றாம் மகேந்திரனும் என்பது மூன்றாவது கட்சி. முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஆனாலும் ஆள் யாரென்று அடையாளம் சொல்ல முடியவில்லை!

நாம் யாரும் இதைத் தீர்த்து வைக்க வேண்டியதில்லை. ஆனால், இதில் ஒரு நிஜமான இழப்பு இருக்கிறது. இரண்டு நரசிம்மர்களுக்கு நடுவில் யாருக்குப் பெருமை என்று நாம் அடித்துக்கொள்ளும்போது, உளியைப் பிடித்தவர்களைப் பற்றி யோசிப்பதே இல்லை. அந்த யானைகளையும், தபசு செய்யும் பூனையையும், பேன் பார்க்கும் குரங்கையும் செதுக்கிய கைகள் எந்த ராஜாவின் கைகளும் இல்லை.

இன்னும் சில நரசிம்மர்கள்

இந்தப் பெயருக்கு இந்தியா முழுக்கவே ராசி உண்டு. ஒரிசாவின் கொனார்க் சூரியக் கோயிலைக் கட்டிய 13-ஆம் நூற்றாண்டு கங்க மன்னர் பெயர், முதலாம் நரசிம்ம தேவர். அதுவும் வங்கக் கடலோரம்தான். அதுவும் கல் ரதம்தான், 24 சக்கரங்களோடு. (மாமல்லபுரத்து ரதங்களுக்கு ரதம் என்று பெயர் வைத்தது பின்னால் வந்த மக்கள். சக்கரமே கிடையாது.) ஒரு கடல், இரண்டு கரை, இரண்டு நரசிம்மர்கள். இரண்டு ஊரும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் ஒரே வருஷம், 1984!

1231-ல் மூன்றாம் ராஜராஜ சோழனைச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தார் கோப்பெருஞ்சிங்கன். அவரை மீட்க வந்தது ஹொய்சள மன்னர் இரண்டாம் நரசிம்மன். கோப்பெருஞ்சிங்கன் தன்னைப் பல்லவ வம்சம் என்று சொல்லிக்கொண்டவர், பெயரிலும் சிங்கம். சிங்கத்துக்கும் சிங்கத்துக்கும் சண்டை. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விஜயநகர அரியணையைக் கைப்பற்றியவர் சாளுவ நரசிம்மர். 1991-ல் பிரதமராகி, வெளிநாட்டு முதலீடுகளுக்குக் கதவைத் திறந்து, இன்று உங்கள் கையில் இருக்கும் போன் வரை வந்த பாதையைத் தொடங்கி வைத்தவர் பி.வி.நரசிம்ம ராவ்.

செங்கல்பட்டு மின்சார ரயிலில் தினமும் போகிறவர்களுக்கு இந்தப் பெயர் இன்னும் பக்கம். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கினால், மலையைக் குடைந்த கோயிலில் நெற்றிக்கண்ணோடு பாடலாத்ரி நரசிம்மர். எல்லா நரசிம்மர்களுக்கும் பெயர் கொடுத்தவர் அவர்தானே!

பகை முடிந்த இடம்

மாமல்லன் ஜெயித்தார், சுபம் என்று முடித்தால் கதை நன்றாகத்தான் இருக்கும். ஆனால், வரலாறு அப்படி முடிவதில்லை. வாதாபி பல்லவர் பிடியில் இருந்தது சுமார் 13 வருஷம்தான். புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் 655-ஐ ஒட்டிச் சாளுக்கிய அரசை மீட்டுவிட்டான். பிறகு தெற்கே படையெடுத்து வந்து, மாமல்லனின் பேரன் பரமேசுவரவர்மன் காலத்தில் காஞ்சியையே பிடித்தான். மகாமல்லனின் குலத்தை அழித்ததால் ராஜமல்லன் என்று பெயர் பெற்றதாக 674-ஆம் ஆண்டு கட்வால் செப்பேட்டில் பெருமை பேசினான். பட்டப்பெயரையும் விடவில்லை! அப்பாவுக்காக மகன், அந்த மகனின் குலத்துக்கு எதிராக இன்னொரு மகன் என்று பகை தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. இரண்டு பக்கமும் ஊர்கள் எரிந்தன.

இதில் ஒரு ட்விஸ்ட் வந்தது எட்டாம் நூற்றாண்டில். இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். அழிக்கவில்லை. ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலுக்குள் போனான். அங்கிருந்த செல்வத்தை எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைக் கன்னடக் கல்வெட்டாக அங்கேயே வெட்டியும் வைத்தான். இன்றும் இருக்கிறது. ஊர் திரும்பியதும் அவன் ராணி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் காஞ்சியின் சாயல் அப்படியே தெரியும்.

ஒரு நரசிம்மன் வாதாபியை எரித்தார். இன்னொரு நரசிம்மன் கட்டிய கோயில், வாதாபியிலிருந்து வந்தவனின் கையைக் கட்டிப்போட்டது. இருவருக்கும் ஒரே பெயர்!

அடுத்த முறை போகும்போது...

ஐந்து ரதத்தில் தர்மராஜ ரதத்தின் தெற்குப் பக்கம் ஒரு அரசனின் உருவம் இருக்கிறது. அது நரசிம்மவர்மன் என்றே பலரும் கருதுகிறார்கள். எந்த நரசிம்மவர்மன் என்று உங்கள் ஃப்ரெண்டிடம் கேட்டுப் பாருங்கள். வடக்கே 5 கிலோமீட்டரில் சாளுவன்குப்பம். புலிக்குகையில் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், அதே வளாகத்தில் இருக்கும் அதிரணசண்ட மண்டபத்துக்கும் போங்கள். ஒரு சுவரில் கிரந்தம், எதிர்ச் சுவரில் நாகரி என்று இரண்டு எழுத்துகளில் ராஜசிம்மனின் பட்டப்பெயர்களைப் பார்க்கலாம்.

திரும்பும்போது செங்கல்பட்டு ரோட்டைப் பிடியுங்கள். வழியில் திருக்கழுக்குன்றம். அந்த ஊர்க் கோயிலில் சோழ மன்னர் முதலாம் ஆதித்தன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டியது. மாமல்லன் இறந்து 200 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்த நேரம். ஸ்கந்தசிஷ்யன் என்ற பழைய அரசன் கோயிலுக்குக் கொடுத்த நிலத்தை, அடுத்து வந்த ஒரு நரசிங்கப் போத்தரையர் அப்படியே தொடரவிட்டதையும், தானும் அதையே தொடர்வதையும் அதில் ஆதித்தன் பதிவு செய்திருக்கிறார்.

எந்த நரசிங்கர் என்று குழப்பம் வந்துவிடக் கூடாது இல்லையா? அதனால் பெயருக்கு முன்னால் வாதாபி கொண்ட என்று சேர்த்து எழுதியிருக்கிறார்கள். நாம் கார்த்திக் ஆபீஸ் என்று சேவ் பண்ணுகிறோமே, அதே டெக்னிக்!

அந்த அடையாளம் போரில் கிடைத்தது. ஆனால், கல்வெட்டு அவரை நினைவுகூர்வது போருக்காக இல்லை. முன்னால் ஒருத்தர் கொடுத்ததை நிறுத்தாமல் விட்டாரே, அதற்காக.